அண்ணன் வண்டி, தம்பி வண்டி, ஒரே தண்டவாளம்

பொம்மை ரயிலை ஓட வைப்பது பெரிய வித்தை இல்லை. அதை யார் ஓட்டுவது என்று ஒரு வீட்டாரை முடிவுக்கு வர வைப்பதுதான் இந்தத் தொழிலே.

வீடு கட்டித் தருகிறவர்களுக்கும், கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்களுக்கும், ஜாக்கெட் தைக்கிறவர்களுக்கும் நான் சொல்வது புரியும். நீங்களும் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டுச் சண்டை ஓயட்டும் என்று காலண்டரைப் பார்த்தபடி நின்றிருப்பீர்கள். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷம் வண்டிகளுக்கு வயர் கட்டும் லைனில் இருந்தவள். முந்நூறு கலர் வயரில் எது எங்கே போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பெங்களூரிலிருந்து இங்கே குடிவந்த ஒருவர் தன் பொம்மை ரயிலுக்கு வயரிங் செய்ய ஆள் தேடினார். போனேன். அவர் நாலு பேரிடம் சொன்னார். இன்று அதுவே என் பிழைப்பு. பள்ளிக்கூடம், டாக்டர் வீட்டு வரவேற்பறை, பெரிய ஃப்ளாட்டின் பால்கனி என்று சுமாராகப் போய்க்கொண்டிருக்கிறது. ரயில் ஓடுகிற மேசையை இந்தத் துறையில் 'லேஅவுட்' என்பார்கள். ஓசூரில் அந்தச் சொல்லைப் போர்டில் போட்டால் வீட்டுமனை கேட்டு வருகிறார்கள் என்பதால், நான் 'ரயில் மேசை' என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

மேசை செய்வது தச்சர் முனிராஜண்ணன். தொரப்பள்ளிக்காரர். கோபம் வந்தால் தெலுங்கு, சந்தோஷம் வந்தால் கன்னடம், பசி வந்தால் மட்டும் தமிழ். எனக்குப் பாதி நாள் அவரோடு தமிழில்தான் பேச்சு.

பல் வலியில் வந்த ஆர்டர்

ஒரு நாள் இரண்டு பெண்கள் வந்தார்கள். அக்கா லட்சுமி, தங்கை சரோஜா. அண்ணன் தம்பி இரண்டு பேரைக் கட்டிக்கொண்ட அக்கா தங்கை. குந்தாரப்பள்ளி தாண்டி ஹைவே ஓரத்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு பெரிய ஓட்டல். ஷிஃப்ட் பஸ் டிரைவர்களும் பெங்களூர் போகிற குடும்பங்களும் நிறுத்திச் சாப்பிடுகிற இடம். லட்சுமியின் வீட்டுக்காரர் மாதையன் கிழக்கு வாசல் கல்லாவில் உட்காருவார். சரோஜாவின் வீட்டுக்காரர் கோவிந்தராஜ் மேற்கு வாசல் கல்லாவில் உட்காருவார். இருவரும் பேசி நாலு வருஷம் ஆகிறது. இப்போது ஹாலின் நடுவே சுவர் எழுப்பி ஓட்டலை இரண்டாக்கப் போகிறார்கள். ஹாலோ பிளாக் கற்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டன. சுவர் ஹாலோடு நிற்காது, சமையல்கட்டுக்குள்ளும் வரும். பிறந்ததிலிருந்து ஒரே அடுப்படியில் இருந்த அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும்.

லட்சுமிக்குப் பல் வலி வந்து ஓசூரில் ஒரு பல் டாக்டரிடம் போயிருக்கிறார். அந்த வரவேற்பறையில் நான் போட்ட ரயில் ஓடுகிறது. முன்பின் தெரியாத இரண்டு ஆம்பளைகள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த ரயிலைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். பல்லைப் பிடுங்கிய கையோடு லட்சுமி தங்கையை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். வீட்டில் எப்படிச் சம்மதித்தார்கள் என்று கேட்டேன். அண்ணனிடம் போய் தம்பிக்கு இதில் இஷ்டமில்லை என்றும், தம்பியிடம் போய் அண்ணனுக்கு இஷ்டமில்லை என்றும் சொன்னார்களாம். அடுத்த நிமிஷமே இரண்டு பேரும் சரி என்றுவிட்டார்கள். ரயில் சரிப்படாவிட்டால் மேசையை எடுத்துவிட்டுச் சுவர் என்பது மட்டும் நிபந்தனை.

ஹால் நடுவில்தான் மேசை வேண்டுமா, ஓரமாகப் போட்டால் இடம் மிச்சமாகுமே என்றேன். லட்சுமி வீங்கிய கன்னத்தோடு சொன்னார்: "ஓரத்துல போட்டா அது வெறும் பொம்மதான்க்கா. நடுவுல பெருசா ஒண்ணு உக்காந்துக்கிச்சுன்னா, சுவரு எங்க போவும் சொல்லு."

ஸ்டார்ட்டர் பெட்டி

ரயிலுக்குக் கண்ட்ரோல் இரண்டு விதம். பழைய விதத்தில் தண்டவாளத்துக்குப் போகிற கரண்ட்டை ஒரு திருகு கூட்டும், குறைக்கும். அந்தத் தண்டவாளத்தில் எந்த இன்ஜின் நின்றாலும் அந்தத் திருகுக்குத்தான் கட்டுப்படும். புது விதம் டிஜிட்டல். தண்டவாளத்தில் கரண்ட் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு சிப்பு, அதற்கு ஒரு நம்பர். கையில் இருக்கும் கருவியில் எந்த நம்பரைக் கூப்பிடுகிறீர்களோ அந்த இன்ஜின் மட்டும் கேட்கும். ஆளுக்கொரு கருவி வைத்துக்கொண்டு ஒரே பாதையில் ஆளுக்கொரு வண்டி ஓட்டலாம். எதிரெதிரே விட்டு மோதவும் செய்யலாம்.

இதைச் சொல்ல இரண்டு விதக் கண்ட்ரோலையும் நாலடித் தண்டவாளத்தையும் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போனேன். அண்ணன் தம்பி ஒரு மேசைக்கு வர மாட்டார்கள் என்பதால் கிழக்கு வாசலில் ஒரு முறை, மேற்கு வாசலில் ஒரு முறை கடை பரப்ப வேண்டியதாயிற்று. மாதையன் சிப்பைப் பார்க்கவில்லை, நம்பரைக் கேட்கவில்லை. "பொட்டி எங்க இருக்கும்? யார் கையில இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். கோவிந்தராஜும் அதையேதான் கேட்டார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. இவர்கள் நிலத்தில் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, தண்ணீர் நாள் முறை. ஒரு கோடையில் அண்ணன் முறையன்று தம்பி ஒரு மணி நேரம் கூடுதலாக மோட்டாரை ஓடவிட்டார். அண்ணன் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டார். தம்பி போய் அதன் மேலேயே இன்னொரு பூட்டுப் போட்டார். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். சாவிகள் சேரவில்லை. இரண்டு பேருடைய தக்காளியும் நின்ற நிலையில் காய்ந்தது. அன்றோடு பேச்சு நின்றது. அப்படிப்பட்டவர்களிடம் போய் நான் ஒரு திருகு, ஒரு பெட்டி என்று விளக்கியிருக்கிறேன். முன்பே தெரிந்திருந்தால் பழைய கண்ட்ரோலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பேன்.

கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு பதிலையும் எழுதிக்கொண்டு வந்தேன். எழுத்துக்கு எழுத்து ஒரே பதில்: "பொட்டி அங்க போச்சுன்னா, எனக்கு ரயிலே வேணாம்மா."

படுத்திருக்கும் சுவர்

முனிராஜண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தெலுங்கில் ஆரம்பித்தார். "வத்தும்மா, வத்து," என்றார். வேண்டாம் என்று அர்த்தம். மேசையைப் பாதியாகக் கோடு போட்டுப் பிரி, இந்தப் பக்கம் அண்ணனுக்கு ஒரு வட்டம், அந்தப் பக்கம் தம்பிக்கு ஒரு வட்டம், ஆளுக்கொரு பழைய திருகு, நடுவில் சின்னதாக ஒரு வேலி, சிப்பும் வேண்டாம், நம்பரும் வேண்டாம், வாழ்நாளுக்கும் சண்டை வராது என்றார். யோசித்துப் பார்த்தேன். அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை சுலபம், பழுது வராது, இரண்டு பேரும் ஒத்துக்கொள்வார்கள். தாளில் இரண்டு வட்டம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், டிஜிட்டல் வைத்து இவர்களிடம் மாட்டிக்கொள்ள எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

சரோஜா அதிகம் பேசாதவர். காபி டம்ளரை வைத்துவிட்டு என் படத்தைப் பார்த்தார். நடுவில் நான் போட்டிருந்த வேலியின் மேல் விரலை வைத்தார். "இதுவும் சுவருதானேக்கா. நிக்கறதுக்குப் பதிலா படுத்துக்கினு இருக்குது."

வடைதான் சொன்னேன்

அந்த ஒரு சொல்லில் டிஜிட்டல் என்று முடிவாயிற்று. கிழக்கே ஒரு ஸ்டேஷன், மேற்கே ஒரு ஸ்டேஷன். ஸ்டேஷனில் மட்டும் இரண்டு தண்டவாளம். மற்ற இடமெல்லாம் ஒற்றை வழி. இரண்டு வண்டியும் எதிரெதிரே சுற்றும். ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்து சேரும் வரை மற்றவர் நின்று வழிவிட வேண்டும். வாய் திறந்து 'வரட்டுமா', 'வா' என்று சொல்லாமல் ஓட்டவே முடியாது. வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டேன்.

அடுத்த பிரச்சினை, கையில் என்ன கருவி கொடுப்பது. கோவிந்தராஜ் ஃபோனில்தான் ஓட்டுவேன் என்றார். ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டால் ஃபோனே கண்ட்ரோல் ஆகிவிடும் என்பதை எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறார். மாதையனின் ஃபோன் பட்டன் ஃபோன். தம்பி கையில் இருப்பது தனக்கு இல்லை என்று அவர் முகம் இருண்டது. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், ஃபோனில் நன்றாகத்தான் ஓடும், பாருங்களேன் என்று, தண்டவாளம் முக்கால்வாசிதான் போட்டிருந்த மேசையில் ஓர் இன்ஜினை வைத்து, கோவிந்தராஜ் ஃபோனில் ஆப்பை இறக்கிக் கொடுத்தேன்.

ரயில் அழகாகக் கிளம்பியது. அந்த நேரம் பார்த்து ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து ஃபோன். ஓட்டலுக்கு அனுப்பிய தக்காளி லோடு வந்துவிட்டதா இல்லையா என்று தரகர் கேட்கிறார். சிக்னல் கிடைக்காமல் கோவிந்தராஜ் ஃபோனோடு வாசலுக்குப் போய்விட்டார். ஃபோன் வந்தால் ஆப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ரயிலோ கடைசியாகக் கேட்ட கட்டளையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஓடும். தண்டவாளம் முடிந்தது. ரயில் முடியவில்லை. பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷிஃப்ட் பஸ் டிரைவரின் பொங்கலில் போய் இறங்கி, சக்கரம் சுற்றியபடி நின்றது. அவர் கொஞ்சமும் பதறவில்லை. இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நான் வடைதான சொன்னேன்."

டிராக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை

அன்றே இருவருக்கும் ஒரே மாதிரி, ஒரே நிறத்தில், திருகு வைத்த கைக்கருவி என்று தீர்த்துவிட்டேன். வயரின் நீளம்கூட அளந்து ஒன்றாக வைத்தேன். ஒரு விரற்கடை கூடினாலும் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. லேத் மெஷினிலிருந்து பஞ்ச் கார்டு மெஷின் வரை எதற்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் நான் ஓட்டலுக்குப் போனபோது மேசையைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டேன். தண்டவாளம் முழுக்க எண்ணெய் போட்டுத் துடைத்து, விரற்கடைக்கு ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். லட்சுமியும் சரோஜாவும் காலை முழுக்கக் குனிந்து நின்று வைத்திருக்கிறார்கள். இன்ஜினின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிப் பொட்டு. முன்னால் ஓர் எலுமிச்சம்பழம். இன்ஜினும் எலுமிச்சம்பழமும் ஒரே உயரம் இருந்தன.

திருகைத் திருப்பினால் வண்டி அசையவில்லை. கரண்ட்டும் கட்டளையும் தண்டவாளம் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். சந்தனத்தின் மேல் நின்றால் எப்படிப் போகும்? நல்ல நேரம் போகிறது என்று மாதையன் அவசரப்படுத்த, முனிராஜண்ணன் விரலால் இன்ஜினைத் தள்ளிப் பழத்தின் மேல் ஏற்றப் பார்த்தார். இன்ஜின் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. பழத்துக்குப் பதில் சுண்டைக்காய் வைத்துப் பார்த்தோம். அதற்கும் படுத்துக்கொண்டது. பிறகு நானும் முனிராஜண்ணனும் இரண்டு நாள் காது குடையும் பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் துடைத்தோம். பாக்கெட் பாக்கெட்டாகக் குச்சி வாங்குவதைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், வீட்டில் எத்தனை காது என்று கேட்டார்.

இனிமேல் தண்டவாளத்தில் எதையும் பூச வேண்டாம், கரண்ட் போகாது என்று மாதையனிடம் கெஞ்சினேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "எங்க டிராக்டருக்கும் இதேதான வெச்சோம். அது ஸ்டார்ட் ஆவுதே."

இரண்டு பிள்ளைக்கும் ஒரே பேர்

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். மறைக்கப் போவதில்லை.

டிஜிட்டல் இன்ஜின் எதை வாங்கினாலும், பெட்டியிலிருந்து வரும்போது அதன் நம்பர் மூன்று. உலகத்தில் எங்கே செய்தாலும் அப்படித்தான். வாங்கியதும் தனியாக ஒரு துண்டுத் தண்டவாளத்தில் வைத்து வேறு நம்பர் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே கற்றுக்கொள்கிற பாடம் அது. அண்ணன் வண்டி முதலில் வந்தது, தம்பி வண்டி பூஜைக்குப் பிறகு வந்தது. தனித்தனியாக ஓட்டிப் பார்த்தேன், இரண்டும் நன்றாக ஓடின. பஞ்சுக் குச்சி அலுப்பில் நம்பர் மாற்றவே இல்லை.

ஓட ஆரம்பித்த நாள் சனிக்கிழமை. மாதையன் கிழக்கே, கோவிந்தராஜ் மேற்கே, மேசையின் இரண்டு தலைமாட்டிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். மாதையன் திருகினார். அவர் வண்டி கிளம்பியது. மேற்கே தம்பி கையே வைக்கவில்லை, அவர் வண்டியும் கிளம்பியது. கோவிந்தராஜ் பதறி நிறுத்தினார். அண்ணன் வண்டியும் நின்றது. அண்ணன் மறுபடி திருக, தம்பி மறுபடி நிறுத்த, இரண்டு வண்டிகளும் விக்கல் எடுத்தது மாதிரி போய்ப் போய் நின்றன. இரண்டு முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தன் வண்டியை மற்றவர் பூட்டிவிட்டதாகவே இருவரும் நினைத்தார்கள். இந்த வீட்டில் வேறு எதை நினைப்பார்கள்? கோவிந்தராஜ் கருவியை மேசையில் வைத்துவிட்டு, அங்கேயே மேஸ்திரிக்கு ஃபோன் போட்டு, திங்கட்கிழமை ஆளோடு வரச் சொன்னார். சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த சரோஜா உள்ளே திரும்பிப் போனார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

தப்பு என்னுடையது, யாரும் யாரையும் பூட்டவில்லை, நம்பர் ஒன்றாகிவிட்டது என்று ஹால் நடுவில் நின்று உரக்கச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாதையன் மட்டும் வாய் திறந்தார், அதுவும் தம்பியைப் பார்க்காமல் என்னிடம்: "ரெண்டு புள்ளைக்கும் ஒரே பேரு வெச்சுட்டு, எதுடா ஓடி வருதுன்னு பாக்கறியாம்மா?"

ஸ்பூன்

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கையில் இருந்தது. காலையிலேயே போய் நம்பர் மாற்றினேன். ஒன்று, இரண்டு என்று கொடுத்தால் யாருக்கு ஒன்று என்பதில் அடுத்த நாலு வருஷம் போய்விடும். ஏழு, எட்டு என்று கொடுத்தேன். ஏழு முன்னால் வருவது என்று அண்ணனுக்குத் திருப்தி, எட்டு பெரியது என்று தம்பிக்குத் திருப்தி.

ஓட்டச் சொன்னால் இருவரும் மௌனச் சாமியார்கள். 'வா', 'போ' எதுவும் கிடையாது. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷத்தில் இரண்டு வண்டியும் ஒரேயடியாக நின்றன. மேசைக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் கெடவில்லை. வெளியே வந்து பார்த்தால், மேற்கு ஸ்டேஷனை ஒட்டித் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு சாம்பார் ஸ்பூன். கரண்ட் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எங்கே குறுக்கே இரும்பு விழுந்தாலும் மொத்தமும் நிற்கும். வைத்தது யார் என்று நான் கேட்கவே இல்லை. மாதையனாகவே என் காதருகே வந்து, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "அவன் வண்டியத்தானம்மா நிறுத்துனேன். என்னுது எதுக்கு நிக்குது?"

நான் நிக்கறேன், நீ போ

மத்தியானம் ஹால் நிரம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ரயிலைச் சுற்றி ஆட்கள் தட்டோடு நின்று சாப்பிட்டார்கள். பார்க்க ஆள் இருந்ததால் இரண்டு பேரும் வீம்புக்கு ஓட்டினார்கள், வேகமாக ஓட்டினார்கள். கிழக்கே அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மேற்கிலிருந்து தம்பியும் கிளம்பிவிட்டார். ஒற்றை வழியில் இரண்டு வண்டிகளும் எதிரெதிரே வருகின்றன. என் கருவியில் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நிறுத்தும் பட்டன் இருக்கிறது. விரல் அதன் மேல்தான் இருந்தது. அழுத்தியிருந்தால் இன்ஜின்கள் பிழைத்திருக்கும், ஆனால் இவர்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள், சுவர் வந்திருக்கும். மோதினால் இன்ஜின்களும் போகும், சுவரும் வரும். இரண்டு மூச்சு வரைக்கும் பார்ப்போம் என்று விரலை எடுத்தேன். தொழிலில் இதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் செய்ததில்லை.

"டேய், நிறுத்துடா," என்றார் மாதையன். நாலு வருஷத்தில் முதல் பேச்சு. கோவிந்தராஜின் கை தானாகத் திரும்பியது. அண்ணன் கையும் திரும்பியது. இரண்டு இன்ஜினும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டு நின்றன. இப்போது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். யார்? லட்சுமி தோசைத் தட்டோடு பாதி வழியில் நின்றுவிட்டார். மாதையன் திருகைப் பின்பக்கம் திருப்பினார். வண்டியை மெதுவாகத் தன் ஸ்டேஷனுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். "நான் நிக்கறேன். நீ போ," என்றார்.

தம்பி போனார். அதற்குப் பிறகு இரண்டு சுற்று ஒழுங்காக ஓடின. 'வரட்டா', 'வா', 'ம்' என்று ஒற்றை ஒற்றைச் சொல்லாக. மூன்றாவது சுற்றில் கோவிந்தராஜ், கண்ணைத் தண்டவாளத்திலிருந்து எடுக்காமல், ரயிலிடம் சொல்வது மாதிரி, "செவ்வாக்கெழம அம்மாவுக்குத் தெவசம்," என்றார். நாலு வருஷமாக ஒரே அம்மாவுக்கு ஆளுக்கொரு இலை போட்டு, ஆளுக்கொரு நேரத்தில் படைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று லட்சுமி பிறகு சொன்னார். மாதையன் வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றி வந்து ஸ்டேஷனில் நின்றது. பிறகு சொன்னார்: "ரெண்டு இலை எதுக்குடா. ஒண்ணாப் படைச்சிரலாம்."

முனிராஜண்ணன் மேசைக் காலைச் சரிபார்க்கிற சாக்கில் கீழே குனிந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.

காலையிலிருந்து

திங்கட்கிழமை மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்திருக்கிறார். சரோஜா அவரைக் கொல்லைப்புறம் அழைத்துப்போய், அந்தக் கற்களை வைத்துப் பாத்திரம் கழுவும் தொட்டி ஒன்று கட்டச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரையும் கேட்கவில்லை, மாமாவையும் கேட்கவில்லை. இருவரும் ஏன் என்றும் கேட்கவில்லை.

சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து மாதையனிடமிருந்து ஃபோன். தம்பி சிக்னலைப் பார்க்காமல் வண்டியை விடுகிறான், ஸ்டேஷனில் நின்றால் நின்ற இடத்திலேயே நிற்கிறான், வளைவில் வேகத்தைக் குறைப்பதே இல்லை, நீ வந்து அவனிடம் எடுத்துச் சொல் என்றார். கிணற்று மோட்டாருக்கு ஆள் கூட்டிவருவதாகச் சொன்னவன் இன்னும் கூட்டிவரவில்லை என்பதையும் இடையில் சேர்த்துக்கொண்டார். அது என் இலாகா இல்லை என்றேன். நான் எதற்கு நடுவில், நீங்களே அவரிடம் சொல்லுங்களேன் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சொல்லிக்கினுதாம்மா இருக்கறேன், காலையில இருந்து."

இப்போதெல்லாம் புது ரயில் மேசைக்கு எந்தக் கண்ட்ரோல் நல்லது என்று யார் வந்து கேட்டாலும், மேசையின் நீள அகலத்தைக் கேட்பதற்கு முன்னால், உங்கள் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்றுதான் கேட்கிறேன்.